சாக்கடைக்குள் ஓடிய குடிநீர்க் குழாய்

என் தங்கை மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தபோது எங்கள் தெருவில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். தெருவின் இரண்டு ஓரத்திலும் நூல் பிடித்தாற்போல் வெள்ளைக் கோடு. பெரிய அதிகாரி யாராவது வருகிறார் என்றால் போடுவார்களே, அந்த மாதிரி. மாற்றுத்துணி எடுத்துப் போக வீட்டுக்கு வந்த நான் பையைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நோய் வந்தது குழாய்த் தண்ணீரில். மருந்தை மண்ணுக்குப் போட்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. போகக்கூடாது என்றுதான் எழுதி வைக்கிறேன்.

எங்கள் தெரு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது. எங்கள் நைனா பொன்னேரிப் பக்கத்து வயல்களில் அறுப்புக்குப் போனவர். கம்பெனிகள் வந்த பிறகு இரும்பு உருக்கும் ஆலையில் கூலிக்குச் சேர்ந்து, நெஞ்சு கெட்டுச் செத்துப்போனார். எனக்குக் கல்யாணம் ஆகி ஒத்துவராமல் அம்மாவிடமே திரும்பி வந்துவிட்டேன். தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. பாகத்துக்குள் காற்றை அடைத்துத் தண்ணீரில் முக்கிப் பார்ப்போம். ஒரு குமிழி வந்தாலும் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவோம். அடுத்தடுத்து வந்தால் லைனையே நிறுத்தி ஏன் என்று கேட்பார்கள். விற்கிற பொருளுக்கு அவ்வளவு கவனம்.

தங்கை என்னைவிடச் சின்னவள், என்னைவிட வாயாடி. திருநின்றவூரில் கல்யாணம் செய்து கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை தினமும் ரயில் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கை நிறைய வளையல், நடந்தால் வீடே சலசலக்கும். வயிற்றில் இருந்த பிள்ளையை அவள் வாடகைக்காரன் என்றுதான் சொல்வாள். "அக்கா, உள்ள கீற வாடகைக்காரன் இன்னிக்கு ஒரே உதை. ஊடு பத்தலையாம்" என்று என் கையை எடுத்து வயிற்றின் மேல் வைப்பாள். கம்பெனியிலிருந்து நான் வரும் நேரத்துக்கு வாசலில் உட்கார்ந்து புளிப்பு மாங்காயும் மிளகாய்த்தூளுமாகக் காத்திருப்பாள். இடையிடையே சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பாள். கர்ப்பிணி தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று அம்மாவும் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள்.

அந்தத் தண்ணீர் எங்கள் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது. சில மாதங்களுக்கு முன்னால் மழைநீர் வடிகால் கட்டுகிறோம் என்று தெருவைத் தோண்டிக் கட்டி முடித்துச் சிமெண்டுப் பலகை போட்டு மூடினார்கள். பெயர்தான் மழைநீர் வடிகால். எல்லா வீட்டுக் கழிவும் அதில்தான் விழுந்தது. அதற்குப் பிறகுதான் தண்ணீரில் நாற்றம் தொடங்கியது. திறந்தவுடன் கலங்கலாக வரும், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும்.

தண்ணீர் திறந்துவிடும் ஆபரேட்டரைத் தெருமுனையில் பிடித்துக் கேட்டேன்.

"மொதல் ரெண்டு கொடத்த கீழ ஊத்திட்டு அப்பால புடிம்மா. எல்லாத் தெருவுலயும் அப்படித்தான் புடிக்கிறாங்க" என்றார்.

"இன்னாத்துக்கு நாறுது? அத்த சொல்லுங்க மொதல்ல."

"பைப்பு புச்சு. புதுப் பைப்புன்னா வாசன வரத்தான் செய்யும்."

ஊராட்சி அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். யூனியன் ஆபீஸ் இன்ஜினியரையும் ஒருமுறை நேரில் பார்த்தேன். பார்க்கிறோம் என்றார். பார்க்க யாரும் வரவில்லை.

தெருக்கோடியில் ஒருவர் வரிசையாக அறைகள் கட்டி வடமாநிலத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். முதலில் நோயில் விழுந்தவர்கள் அந்தப் பையன்கள்தான். தெருவில் செய்தி பரவியபோது யாரும் பயப்படவில்லை. "இந்திக்காரனுங்களுக்கு மஞ்சக்காமாலையாம். பாக்கப் போட்டுத் துப்பிக்கினு, சுத்தபத்தமா கீறானுங்களா அவனுங்க" என்று சொல்லிவிட்டு அதே குழாயில் குடத்தை வைத்துப் பிடித்தார்கள். அப்புறம் எதிர்வீட்டில் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு வந்தது. அவளும் பாக்குப் போடுகிறாளா என்று ஒருவரும் கேட்கவில்லை.

தங்கைக்குச் சோறு பிடிக்காமல் போனது. வாந்தி எடுத்தாள். பஜாரில் இருந்த கிளினிக்குக்கு அம்மா அழைத்துப் போனாள். அங்கே இருந்த டாக்டர் மாசமாக இருந்தால் வாந்தி வரும் என்று சொல்லி ஒரு ஊசியைக் குத்தி அனுப்பினார். கண்ணைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே மஞ்சள் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். எங்களுக்குத் தெரிந்தபோது அவள் கண் முழுக்க மஞ்சளாகிவிட்டது.

நான் ஷிப்டில் இருந்தேன். அம்மா யாரோ சொன்னார்கள் என்று அவளைப் பஸ் ஏற்றி, ஊத்துக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வேர் கட்டுகிற ஆளிடம் கூட்டிப் போயிருக்கிறாள். வெறும் வயிற்றில் இலைச்சாறு, கையில் வேர், உப்பில்லாக் கஞ்சி. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணை அந்த வெயிலில் அவ்வளவு தூரம் குலுக்கிக் கொண்டு போய் வந்தாயே என்று கத்தினேன். "எத்தினி பேருக்கு அந்தாளு கொணமாக்கிக் கீறாரு தெரியுமா?" என்று அம்மாவும் கத்தினாள். அவள் சொன்னது பொய்யும் இல்லை. பெரும்பாலோருக்கு இந்த நோய் தானாகவே போய்விடும். தானாகப் போவதற்கெல்லாம் வேருக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

அதற்குப் பிறகு தங்கை எந்நேரமும் தூங்கினாள். "மருந்து வேல செய்யுதுடி. அதான் அசந்து தூங்குறா" என்று அம்மா நம்பிக்கையோடு சொன்னாள்.

ஒருநாள் மதியம் நான் வேலை முடிந்து வந்தபோது தங்கை எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டு, "டீச்சர், பெல்லு அடிச்சாச்சா?" என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "இன்னாடி சொல்ற?" என்றேன். "பையி மறந்துட்டேன் டீச்சர்" என்று அழத் தொடங்கினாள். பள்ளிக்கூடம் விட்டு எத்தனையோ வருஷம் ஆன பெண். ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனோம்.

அங்கே இருந்தது ஒரு இளவயது டாக்டரம்மா. தங்கையைப் பார்த்தவுடன் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்கம்மா" என்றார். தங்கை நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து விரல்கள் கோழி சிறகடிக்கிற மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டன. வளையல்கள் குலுங்கின. டாக்டரம்மா நர்ஸிடம் திரும்பி உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார்.

"எந்தத் தெரு நீங்க? என்ன தண்ணி குடிக்கிறீங்க?"

சொன்னேன். அவர் முகம் இறுகியது.

"உங்க தெருவுல இருந்து இதுக்கு முன்னாடியே ஆளுங்க வந்துட்டாங்க. மேல சொல்லியும் இருக்கேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "மஞ்சள் காமாலைல பல வகை இருக்கு. இது கழிவு கலந்த தண்ணில வர்ற வகை மாதிரி தெரியுது. மத்தவங்களுக்குப் பெரும்பாலும் ஓய்வுலயே சரியாயிடும். கர்ப்பிணிக்கு, அதுவும் கடைசி மாசங்கள்ல வந்தா, கல்லீரலையே சாய்ச்சிடும். கல்லீரல் வடிகட்டாத விஷம் மூளைக்கு ஏறியிருக்கு, அதான் இப்படிப் பேசறாங்க. இதுக்கு நேரா கொடுக்கற மருந்து இல்ல. பெரிய ஆஸ்பத்திரில வச்சு உடம்பைத் தாங்கிப் பிடிக்கணும். கெளம்புங்க."

நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வழிவிடாமல் நின்றன. ஆம்புலன்ஸ் அலறியபடி ஊர்ந்தது. என் மடியில் தலை வைத்திருந்த தங்கை வழியெல்லாம் பையைத் தேடிக்கொண்டே வந்தாள். சென்னையில் பெரிய அரசு மருத்துவமனையில் சேர்த்த பிறகு பேச்சும் நின்றுபோனது. கையில் வீக்கம் கண்டிருந்ததால் வளையல்களை ஒவ்வொன்றாக உடைத்துத்தான் எடுத்தார்கள். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருந்தது.

பிள்ளை செத்துத்தான் பிறந்தது. ஆண் குழந்தை. தலை நிறைய முடி. மாப்பிள்ளை அதைத் துணியில் வாங்கி, யாரிடமும் கொடுக்காமல், வராண்டாவின் ஓரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவருடைய அம்மா என் அம்மாவின் எதிரில் வந்து, "நல்லா இருந்த பொண்ணத்தானே உங்க ஊட்டுக்கு அனுப்புனோம். அங்க கேன் தண்ணி குடிச்சுக்கினு இருந்தவளுக்கு நீங்க இன்னாத்தக் குடுத்தீங்க?" என்று கேட்டார். அந்த அம்மாள் கேட்டதில் என்ன தப்பு? கேட்கவேண்டிய ஆளிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்கவேண்டிய ஆள் அந்த வராண்டாவில் இல்லை.

அதற்கு மறுநாள் காலையில்தான் துணி எடுக்க நான் ஊருக்கு வந்தேன். அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன்.

தெருவில் ஒரு ஜீப் நின்றது. இன்ஜினியர் வந்திருந்தார், ஆபரேட்டரும் கூடவே. தெருக்கோடி அறைகளுக்குச் சொந்தக்காரர் வடமாநிலப் பையன்களின் பெட்டி படுக்கைகளை வெளியே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இன்ஜினியர் கூடியிருந்தவர்களிடம், "தண்ணியை டெஸ்ட் பண்ணியாச்சு. சுத்தமா இருக்கு. வெளியூர்க்காரங்க கொண்டு வந்த நோய் இது. அவங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டோம். யாரும் பயப்பட வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிலர் தலையாட்டினார்கள். நான் சின்ன வயதிலிருந்து அறிந்த முகங்கள். அவர்கள் மேலும் எனக்கு அதே அளவு ஆத்திரம் வந்தது.

கண்ணில் மஞ்சள் இன்னும் போகாத ஒரு பையன் தன் பையின் மேலேயே உட்கார்ந்திருந்தான். எழுந்து நிற்கத் தெம்பில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, நாங்க இன்னா பண்ணது? நாங்க கூட இந்த பைப் தண்ணி தானே குடிச்சது" என்றான்.

நான் இன்ஜினியரின் முன்னால் போய் நின்றேன்.

"எந்தத் தண்ணிய சார் டெஸ்ட் பண்ணீங்க?"

"உங்க தெருத் தண்ணிதாம்மா. இன்னிக்குக் காலைல எடுத்தது."

"எங்க எடுத்தீங்க? தொட்டில எடுத்தீங்களா, எங்க குழாயில எடுத்தீங்களா?"

அவர் ஆபரேட்டரைப் பார்த்தார். ஆபரேட்டர் கீழே பார்த்தார். தண்ணீர் ஏற்றி வைக்கும் மேல்நிலைத் தொட்டியில்தான் எடுத்திருக்கிறார்கள்.

"எங்க ஊட்டுப் புள்ள செத்துப் போச்சு சார். என் தங்கச்சி பொழைப்பாளான்னு தெரியல. அவ எந்த ஊருக்காரி? எதிர்வூட்டுப் பொண்ணு எந்த ஊருக்காரி? நான் வந்து எழுதிக் குடுத்தேனே, அப்ப இந்தப் பசங்களா உங்களத் தடுத்தாங்க?"

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. நடவடிக்கை எடுத்துக்கிட்டுதான் இருக்கோம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் வீட்டுக்குள் போனேன். நைனாவின் கடப்பாரை கொல்லையில் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலுக்கு நேரே இருந்த வடிகால் பலகையின் இடுக்கில் விட்டு நெம்பினேன். என் ஒருத்தியால் அசைக்க முடியவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணின் அம்மா வந்து கூடப் பிடித்தாள். அப்புறம் இன்னும் சில பெண்கள். பையின் மேல் உட்கார்ந்திருந்த பையனின் அறைத்தோழர்கள் இருவர் ஓடி வந்து பலகையைத் தூக்கிப் புரட்டினார்கள். அடுத்த பலகை, அதற்கடுத்த பலகை.

"அரசாங்கச் சொத்தை ஒடைக்கறீங்க. போலீசைக் கூப்பிடுவேன்" என்று இன்ஜினியர் கத்தினார்.

"கூப்டு! அவங்களும் வந்து பார்க்கட்டும்" என்று எதிர்வீட்டம்மாள் திருப்பிக் கத்தினாள்.

நாற்றம் குப்பென்று அடித்தது. கறுப்பாகச் சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளேயே, பாதி முங்கி, எங்கள் குடிநீர்க் குழாய். வடிகாலைக் கட்டியவர்கள் குழாயை நகர்த்தாமல் அதன் மேலேயே கட்டிவிட்டார்கள். கட்டும்போது எதுவோ பட்டு உடைந்திருக்கிறது. உடைந்த இடத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். டியூப் இற்றுப்போய் வாய் பிளந்திருந்தது. யாரோ ஒருவர் குனிந்து, கையை அந்தச் சாக்கடைக்குள் விட்டு, இதைக் கட்டிவிட்டு எழுந்து போயிருக்கிறார். அவரை வேலை வாங்கியவர் அதைப் பார்த்துவிட்டுப் பலகையை மூடச் சொல்லியிருக்கிறார். தெரியாமல் நடந்தது என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

தெருவில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தலையாட்டியவர்களும் சேர்ந்துதான்.

போலீஸ் வந்தது. அவர்களும் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். நான் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் ஸ்கூட்டரிலேயே வந்துவிட்டார். வடிகாலையும் குழாயையும் போனில் படம் பிடித்தார். எங்கள் வீட்டுக் குழாயிலிருந்தும் எதிர்வீட்டிலிருந்தும் எல்லார் முன்னிலையிலும் பாட்டிலில் தண்ணீர் எடுத்து மூடினார்.

"தொட்டியில குளோரின் போட்டுத்தான் விடறோம் டாக்டர்" என்றார் இன்ஜினியர்.

"தொட்டியில போட்டு என்ன சார் பண்றது?" என்றார் டாக்டரம்மா. "தண்ணி வராத நாள்ல குழாய் காலியா கிடக்கு. அப்ப இந்த ஓட்டை வழியா சாக்கடை உள்ள போகுது. மறுநாள் தெறந்தா அதுதான் மொதல்ல வீட்டுக்கு வருது. தெளிவா வந்தாலும் கிருமி இருக்கும். அப்புறம், இது குடிச்ச அன்னைக்கே வர்ற நோய் இல்ல. வாரக்கணக்கா உள்ள இருந்து அப்புறம்தான் காட்டும். இன்னிக்குப் படுத்திருக்கறவங்க குடிச்சது போன மாசத்துத் தண்ணி. இன்னிக்கு எடுத்த தண்ணி சுத்தம்னு நீங்க இவங்ககிட்டச் சொல்றதுல அர்த்தமே இல்ல."

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தண்ணீரைக் கொதிக்கவிட்டுத்தான் குடிக்கவேண்டும், சும்மா சூடு பண்ணினால் போதாது, கக்கூஸ் போய்வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும், தெருவில் வேறு யாராவது மாசமாக இருந்தால் இன்றைக்கே தன்னிடம் வரவேண்டும் என்றார். மூலைவீட்டு மருமகள் கூட்டத்தின் பின்னாலிருந்து கையைத் தூக்கினாள். டாக்டரம்மா அவளைக் கையோடு அழைத்துப் போனார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைத் தவிர இந்தக் கதையில் நல்ல செய்தி அதிகம் இல்லை.

குழாய்த் தண்ணீரில் மலக்கிருமி இருந்ததாகச் சோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா சொன்ன வகைதான் என்று தங்கையின் ரத்தத்திலும் தெரிந்தது. கொஞ்ச காலம் லாரியில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் மட்டும் குழாயை மேலே எடுத்துத் தனியாகப் போட்டார்கள். பெட்டியோடு துரத்தப்பட்ட பையன்களில் சிலர் திரும்பி வந்தார்கள். மஞ்சள் கண் பையன் வரவில்லை, ஊருக்கு ரயிலேறிவிட்டான் என்றார்கள். வடிகால் கட்டிய ஒப்பந்தக்காரர் வேறு ஊரில் வேறு வடிகால் கட்டுகிறார். எங்கள் பகுதியில் பெரிதாக நோய் எதுவும் பரவவில்லை, சிலருக்கு உடல்நலக்குறைவு மட்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். உடல்நலக்குறைவு! அந்தச் சொல்லைச் சொன்னவரை அன்றைக்கு நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

தங்கை பிழைத்தாள். கண் திறந்தவுடன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். யாரும் சொல்லாமலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டுக்கு வராமல் நேராகத் திருநின்றவூருக்கே போனாள். உடம்பு தேறியது. பேச்சும் ஓரளவு திரும்பியது, ஆனால் பழைய வாய் இல்லை.

பொங்கலுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். அம்மா புதுப் பானையில் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரைச் சொம்பில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். தங்கை வாங்கி, பக்கத்தில் வைத்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் குடித்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. அவளுக்கே கை அப்படிப் போகிறது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினாள், ஏற்கனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை.

எங்களுக்குப் பின்தெருவிலும் அதே ஆள்தான் வடிகால் கட்டினார். அங்கேயும் குழாய் உள்ளேதான் போகிறது. நானும் எதிர்வீட்டம்மாளும் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டோம். போன வாரம் இன்ஜினியரைப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் சலித்துக்கொண்டார்.

"அந்தப் பிரச்சினைதான் முடிஞ்சு போச்சேம்மா" என்றார்.

"யாருக்கு சார் முடிஞ்சுது?" என்றேன்.

அவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் கம்பெனிக்கு முழுநாள் லீவு சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.